வாயசைந்தால் குரல்

அந்த வசனத்தை மக்டலீன் பேசவில்லை.

குரல் என்னவோ அவளுடையதுதான். மூச்சை இழுக்கும் இடத்தில் தொண்டைக்குள் மெல்லிய கரகரப்பு ஒன்று வரும். தைரொயிட் ஒப்பரேசனுக்குப் பிறகு வந்து குடியேறியது, எழும்பிப் போகிற எண்ணம் அதற்கு இல்லை. அந்தக் கரகரப்புக்கூட அச்சொட்டாக இருந்தது. குசினி மேசையில் தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. மார்கழி மாதம், பின்னேரம் நாலரைக்கே பார்க்டேல் பக்கம் இருட்டிவிட்டது. யன்னல் கண்ணாடியில் யாரோ மணலை அள்ளி எறிவதுபோல உறைமழை விழுந்துகொண்டிருந்தது. அவள் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு மூன்றாம் தடவையும் அந்த இடத்தைப் போட்டுக் கேட்டாள்.

"வந்திட்டன். நல்ல வீடு. உடுப்புகளுக்கு நடுவிலை சூடாயிருக்கு."

மடிக்கணினித் திரையில், குரல் சேர்த்து முடித்த கறுப்பு வெள்ளைப் படம் ஓடியது. நீளமான சாப்பாட்டு மேசை, மெழுகுதிரிகள், செத்துப்போன பணக்காரக் கிழவனின் உயிலைக் கேட்க வந்திருக்கும் ஏழு உறவினர்கள், ஒரு வக்கீல். வெளியே புயல். எல்லோரும் கதவுப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள். பின்னால், பீங்கான் அலுமாரியை ஒட்டி, வெள்ளை ஏப்ரன் கட்டிய வேலைக்காரி ஒருத்தி நிற்கிறாள். அவள் மட்டும் கதவைப் பார்க்கவில்லை. படம் பார்ப்பவரைப் பார்த்து வாயை அசைக்கிறாள்.

இரண்டு கிழமைக்கு முன் மக்டலீன் அந்த வாய்க்குப் பேசிக் கொடுத்தது இரண்டே இரண்டு சொல். இப்போது அவள் ஒரு கதையே சொல்லுகிறாள்.

"யூட்சன்," என்று பல்லைக் கடித்தாள் மக்டலீன். "உன்ரை வேலையடா இது."

யூட்சன் ஸ்காபரோவில் யூடியூப் சனல் நடத்துகிறவன். முப்பது வயது, நல்ல பொடியன்தான், ஆனால் சிரிப்பு எப்போதும் ஒரு பக்கத்து உதட்டில் மட்டும் இருக்கும். தொண்ணூறு வருடத்துக்கு முந்திய ஹொலிவூட் பேய்வீட்டுப் பகிடிப் படங்களைத் தேடி எடுத்து, யாழ்ப்பாணத் தமிழில் குரல் போட்டு விடுவது அவன் தொழில். ஆண் குரல்கள் எல்லாம் அவன். பெண் குரல்கள் எல்லாம் மக்டலீன். கல்லு முகத்தோடு விளக்கேந்தி வரும் வீட்டுப் பொறுப்பாளி, "மேல் மாடிக்குப் போறவை செருப்பைக் கழட்டிப்போட்டுப் போங்கோ, பேய் இப்பதான் நிலம் துடைச்சது" என்று சொன்னபோது ஸ்காபரோ சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

இந்தப் படங்கள் எல்லாம் ஒரே மாவில் சுட்டவை. புயலடிக்கும், விளக்கு அணையும், புத்தக அலுமாரி கதவாகத் திறக்கும், சுவருக்குள்ளிருந்து ஒரு கை நீளும். பயந்தாங்கொள்ளி நாயகன் பகிடி விட்டுக்கொண்டே நடுங்குவான். கடைசிப் பத்து நிமிடத்தில் பேயின் முகமூடியைப் பிடித்து இழுத்தால் உள்ளே மச்சானோ வக்கீலோ வியர்த்து வழிந்துகொண்டு நிற்பான். இருபத்துமூன்று படம் செய்து முடித்தாயிற்று, ஒன்றில்கூட உண்மையான பேய் வரவில்லை. மக்டலீனுக்கு அது இப்போது வேதபாடம் மாதிரி. முகமூடியை இழு, தெரிந்தவன் வருவான்.

குரல் போடுவதில் அவளுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. வாயசைந்தால் குரல் போட வேண்டும். மன்னாரில் பெரிய வெள்ளிப் பாஸ்கு நாடகத்துக்குத் திரைக்குப் பின்னால் நின்று குரல் கொடுத்த காலத்திலிருந்து அவள் பழகியது அது. கூட்டத்தில் ஒரு மூலையில் ஒருத்தி வாயைத் திறந்தாலும் அவளுக்கும் ஒரு சொல் கொடுப்பாள். வாய் மூடித் திறக்கிற இடத்தில் பானா, மானா, வானா எது விழுந்தாலும் சரிதான், பார்க்கிற சனத்துக்கு வித்தியாசம் தெரியாது. ஒரு படத்தில் வில்லி கையை வீசி எல்லோரையும் வீட்டை விட்டுத் துரத்துகிறாள். மக்டலீன் அதே வாய்க்கு "வாங்கோ, வாங்கோ, சாப்பிட்டுப் போங்கோ" என்று போட்டு, கதையையே தலைகீழாக்கிவிட்டாள்.

அந்த வேலைக்காரிக்கும் அப்படித்தான் செய்தாள். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் ஒரு சத்தமும் இல்லை. ஆனால் வாய் அசைகிறதே. மேல் அறைக் குளோசற்றுக்குள், சேலைகளுக்கும் குளிர்க்கோட்டுகளுக்கும் நடுவில் மைக்கை வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு நின்று பத்துத் தரம் பார்த்தாள். உடுப்பு எதிரொலியைக் குடித்துவிடும், அதனால் அதுதான் அவளுடைய ஸ்ரூடியோ. கடைசியில் பொருந்தியது "நானும் வரட்டோ?" என்பது. இழுக்கவும் வேண்டியிருக்கவில்லை, குறுக்கவும் வேண்டியிருக்கவில்லை. ஒருத்தி இவ்வளவு மரியாதையாகக் கேட்டால் பதில் சொல்லாமல் விடலாமோ? அடுத்து வாய் திறக்கும் கதாநாயகிக்கு "ஓம், வாங்கோ" என்று போட்டு, பகிடியாய் முடித்து, யூட்சனுக்கு அனுப்பிவிட்டாள்.

அவன் இப்போது இப்படிச் செய்திருக்கிறான்.

எப்படி என்பதும் அவளுக்குத் தெரியும். ஒக்ரோபரில் முந்நூறு வசனம் கொண்டுவந்து வாசிக்கச் சொன்னான். மாடு புல்லுத் தின்னுது, மாமா பஸ்ஸுக்கு நிக்கிறார் என்று தலையும் வாலும் இல்லாத வசனங்கள். "சவுண்ட் செற் பண்ணத்தான் அன்ரி" என்றான். மகள் ஸ்டெபனி அன்றைக்கே சொன்னாள், "அம்மா, உங்கட வொய்ஸை அவன் கொம்பியூட்டருக்குப் பழக்கிறான். பிறகு நீங்கள் தேவையில்லை." மக்டலீன் அப்போது சிரித்தாள். சிரித்தாளே தவிர, அதற்குப் பிறகு ஒழுங்காக நித்திரை இல்லை.

ஏனென்றால் குரல் போவது எப்படி என்று அவள் ஒருமுறை அறிந்தவள். ஒப்பரேசன் முடிந்து கண் விழித்தபோது, கட்டிலுக்குப் பக்கத்தில் அவள் புருசன் றொபேட் இருந்தான். கூப்பிட்டாள். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. றொபேட் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு மாதம் அப்படி. குரல் திரும்பி வந்த மூன்றாம் மாதம் றொபேட் போய்ச் சேர்ந்துவிட்டான். அந்தக் கட்டிலில் கிடந்த பயம் மாதிரி ஒரு பயம் அவளுக்கு வாழ்க்கையில் வேறில்லை, போர்க்காலத்துச் செல்லடிக்குக்கூட அப்படிப் பயந்ததில்லை.

யூட்சனுக்குப் போன் எடுத்தாள்.

"அன்ரி, சொல்லுங்கோ. கேக்குதோ? கெனடி ஸ்ரேசனிலை நிக்கிறன், ஒரே ஐஸ்."

"தம்பி, வேலைக்காரிக்கு என்ன வசனம் போட்டு வைச்சிருக்கிறாய்?"

"எந்த வேலைக்காரி?"

"சாப்பாட்டு மேசைச் சீன். பீங்கான் அலுமாரிக்குப் பக்கத்திலை நிக்கிறவள்."

போனில் ரெயின் சத்தம் இரைந்தது. "அன்ரி, அதிலை ஒருத்தரும் நிக்கேல்லையே. நீங்கள் அனுப்பின 'நானும் வரட்டோ' எங்கை வைக்கிறதெண்டு எனக்கு விளங்கேல்லை. சும்மா கதவுப் பக்கத்துச் சத்தமாய் விட்டிருக்கிறன்."

இந்த நடிப்பை மைக்குக்கு முன்னால் காட்டியிருந்தால் சனல் எங்கோ போயிருக்கும் என்று மக்டலீன் நினைத்தாள். "உடுப்புகளுக்கு நடுவிலை சூடாயிருக்காம். என்ரை குளோசற் விசயம் உன்னைத் தவிர ஆருக்குத் தெரியும்?"

"அன்ரி, சத்தியமாய் நான்..."

அப்போதுதான் அது கேட்டது. தலைக்கு மேலே, அவளுடைய அறையில். ஹாங்கர் ஒன்று கம்பியில் வழுக்கியது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. கலியாணவீட்டுக்குப் போகிறவள் எந்தச் சேலையைக் கட்டலாம் என்று ஒவ்வொன்றாய் ஒதுக்கிப் பார்ப்பாளே, அந்த மாதிரி.

மக்டலீன் அழைப்பை வெட்டிப் போனை ஏப்ரன் பைக்குள் போட்டாள்.

வீட்டில் வேறு ஆள் இல்லை. மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கும் பொடியன் நத்தார் லீவுக்கு வின்னிபெக் போய்விட்டான். ஆனால் யூட்சனிடம் வாசல் கதவுத் திறப்பு ஒன்று இருக்கிறது. மைக்கும் வயரும் கொண்டுவந்து வைப்பதற்கென்று அவளே கொடுத்தது. இந்தச் செங்கல் வீடு நூற்றிருபது வருடப் பழசு. வேலைக்காரர்கள் ஏறி இறங்கிய பின்படி ஒன்று குளோசற்றுக்குப் பின்னால் இருந்ததென்றும், அதைப் பலகை அடித்து மூடிவிட்டார்கள் என்றும் அவள்தான் ஒருநாள் தேத்தண்ணி குடித்தபடி அவனுக்குச் சொன்னாள். அவன் கண் எப்படி மின்னியது! கெனடி ஸ்ரேசனாம். ரெயின் சத்தத்தைப் பதிந்து வைத்துப் போட எவ்வளவு நேரம் ஆகும்? எங்கோ ஒரு கமரா ஒளித்து வைத்திருப்பான். அன்ரி அலறுவாள், சனம் சிரிக்கும்.

பயமில்லை அவளுக்கு. கோபம்தான் வந்தது.

விளக்கு போனது.

பிரிட்ஜ் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. ஹீற்றரின் இரைச்சல் நின்றது. தெரு முழுக்கக் கறுப்பு. குயீன் வீதியில் ட்ராம் ஒன்று மணியடித்தபடி நின்றுவிட்டதுபோலக் கேட்டது. மக்டலீன் சத்தமாகவே சிரித்தாள், "சரியான இடத்திலைதான் விளக்கை நிப்பாட்டியிருக்கிறாய் தம்பி" என்றாள். யோசித்தால், அவனால் பார்க்டேல் முழுவதையும் அணைக்க முடியாது. அவள் யோசிக்க விரும்பவில்லை.

மடு மாதா கோயிலில் இருந்து கொண்டுவந்த மெழுகுதிரியைக் கொளுத்தினாள். போன் ஒருமுறை சிணுங்கியது. பின்னேரம் வருவதாகச் சொல்லியிருந்த ஸ்டெபனியின் செய்தி. "ட்ராம் நிண்டுட்டுது. நடந்து வாறன். பத்து நிமிசம். கொஞ்ச நாளைக்கு எங்களோடை ஏஜக்ஸ் வீட்டுக்கு வாங்கோ." ஆறு மாத வயிறு அவளுக்கு. இந்த ஐஸில் நடந்து வருகிறாள். அவள் வந்து சேரமுன் இந்தக் கூத்தை முடித்துவிட வேண்டும். இருட்டுக்குள் எவனாவது பாய்ந்து வந்து வெருட்டிப் பிள்ளை படியில் வழுக்கி விழுந்தால் என்ன செய்வது?

"யூட்சன்! விளையாட்டுப் போதும். பிள்ளைத்தாய்ச்சி வாறாள். இறங்கி வாடா!"

மேலேயிருந்து பதில் வந்தது.

"ஓம், வாங்கோ."

அவளுடைய குரல். கதாநாயகிக்குப் போட்ட அதே இரண்டு சொல். ஆனால் பதிவில் இருக்கும் துப்புரவு அதில் இல்லை. துணிக்குள் வாயை வைத்துப் பேசினால் எப்படி அமுங்கிக் கேட்குமோ அப்படி.

ஸ்பீக்கர், என்று சொல்லிக்கொண்டாள். சின்ன ஸ்பீக்கர் ஒன்றைக் கோட்டுப் பைக்குள் போட்டிருப்பான். படி ஏறினாள். ஒவ்வொரு படிக்கும் அதற்கென்று ஒரு முனகல் உண்டு, பதினாறு படிக்கும் பதினாறு முனகல், இருபது வருடமாகக் கேட்டுப் பழகியவை. இன்றைக்கு ஒவ்வொரு முனகலுக்கும் பின்னால் இன்னொரு முனகல் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கத்தில், பலகை அடித்து மூடிய பின்படியில், அவளோடு சேர்ந்து யாரோ ஏறுவதுபோல. அவள் நின்றாள். அதுவும் நின்றது. முகர்ந்தாள். நப்தலீன் வாசம் வந்தது, அதற்குள் நனைந்த கம்பளி, அதற்கும் அடியில் யாரோ இப்போதுதான் ஊதி அணைத்த திரியின் புகை. அவள் கையில் இருந்த மெழுகுதிரி அணையாமல் எரிந்துகொண்டிருந்தது.

அறைக் கதவு திறந்திருந்தது. நிலத்தில் ஒரு சப்பாத்து ஈரமும் இல்லை. உறைமழையில் வந்தவன் ஈரமில்லாமல் எப்படி ஏறினான் என்று ஒரு கேள்வி எழும்பியது. அதை அமுக்கினாள். பின்படியால் வந்திருப்பான்.

குளோசற்றுக்கு முன்னால் மைக் கிடந்தது. வயர் கழன்று, நாய்க்குட்டி மாதிரி சுருண்டு கிடந்தது. அவள் போன கிழமை அதை உள்ளேதான் வைத்துவிட்டு வந்தாள். கதவு ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளே சேலைகள். கோட்டுகள். நடுவில் றொபேட்டின் நீளமான கறுப்புக் கோட்டு, அவள் யாருக்கும் கொடுக்க மனமில்லாமல் வைத்திருப்பது.

அதன் இரண்டு பக்கமும் உடுப்புகள் ஒதுங்கியிருந்தன. இடம் விட்டிருந்தன. ஒரு ஆள் நிற்க.

"பிடிச்சன் உன்னை," என்றாள். குரல் உடைந்தது. "வெளியிலை வா."

கோட்டுக்குப் பின்னால் யாரோ மூச்சை இழுத்தார்கள். மெல்லிய கரகரப்போடு.

முகமூடியை இழு. தெரிந்தவன் வருவான்.

மெழுகுதிரியை இடது கைக்கு மாற்றி, வலது கையைக் கோட்டுகளுக்குள் விட்டாள். கம்பளி. பட்டு. பிளாஸ்ரிக் உறை. பிறகு ஒரு கன்னம். குளிர்ந்த கன்னம். அவளுக்கு அந்த நேரத்திலும் ஒரு வெற்றிச் சிரிப்பு வந்தது. றப்பர். கடையில் விற்கிற றப்பர் முகம். விரல்களை நாடிக்கு அடியில் கொடுத்து ஓரத்தைத் தேடினாள். ஓரம் இல்லை. காதுப் பக்கம் தேடினாள். காது இருந்தது, ஓரம் இல்லை. பிடித்து இழுத்தாள். தோல் இழுபட்டு, திரும்பப் போய் ஒட்டிக்கொண்டது.

ஏப்ரன் பைக்குள் போன் அடித்தது. மெழுகுதிரியைப் பக்கத்தில் இருந்த பெட்டியின் மேல் குத்தி வைத்துவிட்டு இடது கையால் எடுத்தாள். வலது கை அந்த முகத்தில் இருந்தது. எடுக்க முடியவில்லை.

"அன்ரி, போனை ஏன் வைச்சனியள்? நான் இன்னும் கெனடியிலைதான் நிக்கிறன், ரெயின் எல்லாம் நிண்டுட்டுது. இஞ்சை பாருங்கோ, படத்தைத் திரும்ப ஓட்டிப் பாத்தன். ஒரிஜினலும் பாத்தன். அந்த அலுமாரிக்குப் பக்கத்திலை ஒருத்தரும் இல்லை அன்ரி. நான் உங்கட குரலை ஒண்டும் செய்யேல்லை. அந்த முந்நூறு வசனமும் மைக்குக்குத்தான், அம்மாவாணை. அன்ரி? கேக்குதோ?"

அவனுக்குப் பின்னால் ஸ்ரேசன் ஒலிபெருக்கி ஏதோ அறிவித்தது, சனம் முணுமுணுத்தது, ஒரு குழந்தை அழுதது. பதிந்து வைத்த சத்தம் இல்லை.

பொய் இல்லை. பொடியன் பொய் சொல்லவில்லை. இவ்வளவு நாளும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவனை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் உள்ளங்கைக்குள் உதடுகள் அசைந்தன. சத்தமில்லாமல். மூடித் திறந்தன. மூடித் திறந்தன. அவள் அலறினாள்.

வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை.

அலறல் கோட்டுகளுக்குள் கேட்டது. சின்னதாய். ருசி பார்ப்பதுபோல. பிறகு அது தொண்டையைச் செருமிக்கொண்டு, அவள் கையில் இருந்த போனைப் பார்த்துப் பேசியது.

"ஓம் தம்பி, கேக்குது. நான்தான் பிழையாய்ப் பாத்திட்டன். ஒண்டுமில்லை. நீ கவனமாய் வீட்டை போ."

"அப்பாடா. சரி அன்ரி. பயந்திட்டன்."

போன் அணைந்தது. கறுப்புக் கோட்டின் கைகள் இரண்டும் நீண்டு அவளுடைய மணிக்கட்டுகளைச் சுற்றிக்கொண்டன. கைக்குள் கை இருந்ததா என்று அவள் பார்க்கவில்லை. இழுத்தாள். கம்பி கிரீச்சிட்டது, கைகள் அவளைத் திருப்பிக் கோட்டுகளுக்கு நடுவில் இழுத்துக்கொண்டன. மெழுகுதிரி சரிந்து அணைந்தது.

கீழே முன்கதவுப் பூட்டுத் திரும்பியது.

"அம்மா? ஓ மை கோட், என்ன இருட்டு! எங்கை நிக்கிறியள்?"

ஸ்டெபனி.

அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே அவள் சப்பாத்துக் கழற்றும் சத்தம் கேட்டது. ஒன்று. மற்றது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிமிரும்போது விடுகிற அந்த மூச்சு. மக்டலீன் குதிக்காலால் நிலத்தை அடித்தாள். கம்பளம் அந்தச் சத்தத்தைக் குடித்தது. மாதாவே, ஒரு சொல். ஒரே ஒரு சொல்.

"மேலை நிக்கிறன் பிள்ளை," என்றது குரல். அன்பாய். "படி கவனம்."

முதற்படி முனகியது. இரண்டாவது. சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது ஒரு சத்தமும் இல்லை. வர வேண்டியது வந்துவிட்டது. போன் வெளிச்சம் ஒன்று சுவரில் ஏறி, கூரையில் ஊர்ந்து, வாசலுக்கு வந்து, மக்டலீனின் முகத்தில் விழுந்து நின்றது. கோட்டுகளுக்கு நடுவில் அவளுடைய முகம் மட்டும்தான் ஸ்டெபனிக்குத் தெரிந்தது. கண்கள் நிறையக் கண்ணீர்.

"அம்மா? ஏன் உதுக்குள்ளை நிக்கிறியள்?"

மக்டலீன் முழுப் பலத்தையும் கூட்டி வாயைத் திறந்தாள். போ பிள்ளை. போ. போ.

"வா பிள்ளை," என்றது அவளுக்குப் பின்னால் நின்ற குரல், அவள் உதடு மூடித் திறக்கும் இடம் பார்த்து, ஒரு இம்மியும் பிசகாமல். "வா. வா."

ஸ்டெபனி சிரித்தபடி கையை நீட்டிக்கொண்டு வந்தாள்.